கேட்டவர்கள் என்ன கேட்டார்கள்?

அந்தலூஸ் என்று அரபு நூல்கள் வழங்கும் முஸ்லிம் ஸ்பெயினின் சிறப்புகளைத் தொகுத்துரைக்கும் பெருநூல் 'நஃப்ஹுத் தீப்'. 1632-ல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மக்கரீ இதன் ஆசிரியர். மன்னர், புலவர், மார்க்க மேதைகள் எனப் பலரைப் பற்றியும் பேசும் இந்நூலில் ஸிர்யாப் என்னும் இசைவாணருக்கும் நல்லதோர் இடம் உண்டு. பக்தாதிலிருந்து புறப்பட்டு, 822-ல் குர்துபா நகரை அடைந்து, அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் அவையை அலங்கரித்தவர் அவர். அவருடைய உடை, உணவு, ஊது என்னும் நரம்புக் கருவியில் அவர் சேர்த்த ஐந்தாம் நரம்பு ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு சிறு பகுதியை. தம்மிடம் கற்க வரும் மாணவனை அவர் எவ்வாறு சோதித்தார் என்பதே அது.

வந்தவனை வட்டமான மெத்தை ஒன்றின்மீது அமர்த்தி, முழு வலிமையோடு குரலை எழுப்பச் சொல்வாராம். குரல் மெலிந்திருந்தால், தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு மறுபடியும் பாடச் சொல்வாராம். வாய் திறவாமல் பல்லைக் கடித்துப் பாடுகிறவனாயின், மூன்று விரல் அகலமுள்ள மரத்துண்டு ஒன்றைச் சில இரவுகள் வாயில் வைத்திருக்கச் செய்து, தாடை விரிய வழி காண்பாராம். பின்னர் உரத்துக் கூவச் செய்து, ஒலியை நீட்டச் சொல்லிக் கேட்பாராம். குரல் தெளிவும் வலுவும் உடையதாயின் பாடம் தொடங்கும். இல்லையெனில் அவனை அனுப்பிவிடுவார்.

இப்பகுதியை ஒரு விந்தைச் செய்தியாகப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதிலுள்ள வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கேட்டல், அடுத்துக் குறை இன்னதென்று காணல், அடுத்துப் பரிகாரம், அதன் பின்னரே தீர்ப்பு. தலைப்பாகையை இடுப்பில் கட்டிக்கொண்டவனுக்குத் தன் குறை மூச்சில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அவன் திருப்பி அனுப்பப்பட்டாலும், வந்தபோது அறியாத ஒன்றை அறிந்தே திரும்பியிருப்பான்.

இசை ஆகுமா ஆகாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் ஒரு தனிப் பகுதியையே இதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த விவாதத்தில் நாம் ஈண்டு இறங்கவில்லை. கற்க வந்த ஒருவனை ஏற்பதும் மறுப்பதும் ஆகிய செயலில் அடங்கியுள்ள அறமே நமது பொருள். அதை ஆராய, மேலைநாட்டு இசைக் கல்லூரிகள் முதுகலைப் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வானொலி நிலையத்தில் பாட விரும்புகிறவர்கள் 'ஆடிஷன்' என்று சொல்லும் சொல்லை நம் வாசகர்கள் அறிவார்கள். அமெரிக்க இசைக் கல்லூரிகளிலும் அதுவே வாயில். டிசம்பர்த் தொடக்கத்தை ஒட்டிப் பெரும்பாலான கல்லூரிகளில் விண்ணப்ப நாள் முடிந்துவிடும். பல கல்லூரிகள் விண்ணப்பத்தோடு ஒலி, ஒளிப்பதிவுகளையும் கேட்கின்றன. அதற்கு முன்தேர்வு என்று பெயர். அதில் தேறியவர்களே நேரில் வாசித்துக் காட்ட அழைக்கப்படுவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தத் தேர்வுகள் நடக்கும். பியானோ மாணவர் ஒருவர் பாக் இயற்றிய ஒரு முன்னிசையும் ஃபியூகும், ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் ஆகியோருள் ஒருவரின் சொனாட்டா, அதற்குப் பிற்பட்ட காலத்துப் பெரும் படைப்பு ஒன்று, ஷோப்பான் அல்லது லிஸ்ட் இயற்றிய கடினமான பயிற்சிப் படைப்பு ஒன்று ஆகியவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேர அளவுக்கு வரும். ஆனால் அறைக்குள் அவருக்குக் கிடைப்பது பல இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடங்களே. எதை வாசிக்க வேண்டும் என்பதையும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் குழுவினரே சொல்வார்கள்.

இந்த 'நிறுத்துங்கள்' என்ற சொல்லைப் பற்றி நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். நம் ஊர் மக்தபில் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக் காட்டும் சிறுவனை அறியாதவர் யார்? அவனையும் உஸ்தாது நிறுத்துகிறார். நாக்கு பட வேண்டிய இடத்தில் படவில்லை, நீட்ட வேண்டிய இடத்தில் நீளவில்லை என்பதற்காக நிறுத்துகிறார். தாமே ஓதிக் காட்டுகிறார். சிறுவன் திரும்ப ஓதுகிறான். அந்த நிறுத்தம் ஒரு பாடம். தேர்வு அறையின் நிறுத்தமோ நேரத்தை மிச்சம் பிடிப்பதற்கானது. நன்றாக வாசித்தவரையும் நிறுத்துகிறார்கள்; தடுமாறியவரையும் நிறுத்துகிறார்கள். தாம் எந்த வகை என்பது வெளியே வருகிறவருக்குத் தெரியாது. 'நன்றி' என்ற ஒரு சொல்லோடு கதவு திறக்கும். சில வாரங்கள் கழித்து ஒரு மடல் வரும். இடமில்லை என்று அதில் இருக்கும். என்ன குறை என்று இருக்காது.

முன்தேர்விலேயே கழிக்கப்பட்டவரின் நிலை இதனினும் தாழ்ந்தது. அவர் எந்த முகத்தையும் காண்பதில்லை. பதிவு என்பது திறமையை மட்டும் காட்டுவதன்று, பணத்தையும் காட்டும். எதிரொலி அடங்கிய நல்ல கூடம், சுதி சேர்த்த பெரிய பியானோ, நல்ல ஒலிவாங்கி, பாடகராயின் உடன் வாசிக்கப் பியானோக் கலைஞர் ஒருவர், பிழை நேர்ந்தால் மறுநாளும் வந்து பதிவு செய்யும் வசதி ஆகியவை எல்லாம் கேட்பவரின் காதில் 'இசை'யாகவே விழும். விண்ணப்பக் கட்டணமே பல கல்லூரிகளில் 100 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, நான்கு ஊர்களுக்குப் பயணம் செய்து, அங்கே தங்கி வாசிக்க வேண்டுமென்றால், கற்பதற்கு முன்பே ஒரு சிறு செல்வம் கரைந்துவிடும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இச்சுமை எத்தனை மடங்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

'இடங்கள் சில, வருவோர் பலர். வேறு என்ன செய்ய முடியும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிலர் வேறொரு விடை தருவார்கள்: கல்வியை இலவசமாக்கிவிட்டால் அநீதி தீர்ந்துவிடும் என்பார்கள். ஃபிலடெல்ஃபியா நகரில் 1924-ல் தொடங்கப்பட்ட கர்ட்டிஸ் இசைக் கழகம் 1928 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளிக்கு 2005-ல் 10 கோடி டாலர் நன்கொடை வந்தது. அதன் பயனாக அங்கும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் நீங்கியது. இவை போற்றத்தக்க கொடைகள். ஆனால் கட்டணம் நீங்கியதால் மட்டும் வாயில் நேர்மையாகிவிடுமா? இதற்கு விடை சொல்ல ஒரு பெண்ணின் வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ட்ரையன் என்னும் சிற்றூரில் 1933-ல் பிறந்தவர் யூனிஸ் வேமன். கறுப்பினத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். அவருடைய பியானோத் திறமையைக் கண்ட வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர், ஊராரிடம் நிதி திரட்டி அவரைப் படிக்க வைத்தார். 1950-ல் நியூயார்க்கின் ஜூலியார்டில் பயின்று, 1951-ல் கர்ட்டிஸ் கழகத்தின் தேர்வில் வாசித்தார். அது முதுகலைத் தேர்வன்று. ஆயினும் வாயிலின் இயல்பு ஒன்றே. குடும்பமே ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்து காத்திருந்தது. அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தம் நிறமே காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார். கழகத்தைச் சார்ந்தோர் அதை மறுத்தார்கள். கறுப்பின இசையறிஞர் ஜார்ஜ் வாக்கர் 1945-லேயே அங்குப் பட்டம் பெற்றிருந்தார் என்பதும் உண்மை. பின்னர் யூனிஸ், கற்பதற்குப் பணம் தேடி, 1954-ல் அட்லாண்டிக் சிட்டி நகரின் ஒரு மதுவிடுதியில் வாசிக்கச் சென்றார். அன்னை அறியாதிருக்கப் பெயரை மாற்றிக்கொண்டார். உலகம் நினா சிமோன் என்று அறிந்த பெயர் அதுவே. 2003 ஏப்ரலில், அவர் இறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, கர்ட்டிஸ் கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. நமது வருத்தம் வேறு. 1951-ல் அந்த அறையில் இருந்தவர்கள் அப்பெண்ணின் வாசிப்பில் என்ன கேட்டார்கள்? இடக்கை தளர்ந்ததா? தாளம் விரைந்ததா? அல்லது குறையே இல்லாமல் இடம் மட்டும் இல்லையா? ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அது நேர்மையாயின் அவருக்குப் பாடமாகியிருக்கும். நேர்மையற்றதாயின் எழுதியவர்களுக்கே எதிரான சாட்சியாகியிருக்கும். அந்த ஒரு வரி இல்லாததால், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு காயம் ஆறாமலே இருந்தது. காரணம் சொல்லாத மறுப்பில் நேர்மையானவனும் நேர்மையற்றவனும் ஒரே முகத்தோடுதான் தோன்றுவார்கள்.

பெரிய இசைக்குழுக்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டன. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே திரை கட்டினார்கள். பாஸ்டன் இசைக்குழு 1952-லேயே திரையைக் கையாண்டது. 1970, 80-களில் பிற குழுக்களிலும் இவ்வழக்கம் பரவியது. ஆண், பெண், நிறம் எதுவும் தெரியாமல் ஒலி மட்டும் காதில் விழ வேண்டும் என்பது நோக்கம். பணியில் அமர்த்துவதற்கு இது பொருந்தலாம். கல்விக்கோ முழுதும் பொருந்தாது. திரை முகத்தை மறைக்கும்போது உரையாடலையும் மறைத்துவிடுகிறது. முதுகலை மாணவர் முடிந்த பொருள் அல்லர். இரண்டு ஆண்டுகள் ஒரு ஆசிரியரோடு இருந்து இன்னொருவராக மாறப் போகிறவர். அவர் இப்போது எப்படி வாசிக்கிறார் என்பதை மட்டும் கேட்டால் போதாது. ஒன்றைச் சொன்னால் எப்படி மாற்றி வாசிக்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதை அந்நாட்டு ஆசிரியர்கள் அறியாமலில்லை. 'சோதனைப் பாடம்' என்று ஒரு வழக்கம் அங்கே இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன் மாணவர் தாம் விரும்பும் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் பாடம் கேட்கிறார். ஆசிரியர் திருத்துகிறார், மாணவர் மாற்றி வாசிக்கிறார், இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். ஸிர்யாபின் மெத்தைக்கு மிக அண்மையானது இதுவே. ஆனால் இது தேர்வுக்கு வெளியே நிற்கிறது. பல ஆசிரியர்கள் இதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அறிந்த வீட்டுப் பிள்ளைகளே இதை நாடுகிறார்கள். தேர்வின் நடுவே இருக்க வேண்டியது புறக்கடை வழியாகிவிட்டது.

ஸிர்யாபைப் பற்றிய செய்தியை நாம் கண்மூடிப் புகழவும் இல்லை. அவர் வாழ்ந்த காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் அல்மக்கரீ. முந்தைய நூல்களிலிருந்து எடுத்தே எழுதினார். ஸிர்யாபின் பக்தாத் வாழ்வைப் பற்றிய கதைகளை ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். மேலும், அமீர் அவருக்கு மாதம் 200 தீனார் வழங்கியதாக அந்நூலே கூறுகிறது. பொறுமையாகக் கேட்க அவருக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்திற்கு வேறொருவர் விலை கொடுத்தார். அவரும் முடிவில் சிலரை அனுப்பவே செய்தார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும், குறையைக் காணாமல் மறுப்பதில்லை என்ற அந்த ஒழுங்கு நம் கண்முன் நிற்கத்தான் செய்கிறது.

ஆயிரக்கணக்கானோர்க்கு எழுதிக் கொடுக்க நேரமேது என்பார்கள். இதற்கு மறுமொழி சென்னையிலேயே இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த இசைத் தேர்வு அமைப்புகள் நம் நகரங்களில் நடத்தும் படிநிலைத் தேர்வுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் செல்கிறார்கள். முதல் நிலைத் தேர்வில் மூன்று சிறு பாட்டுகளை வாசிக்கும் பிள்ளைக்கும் மதிப்பெண்ணோடு தேர்வாளரின் எழுத்துக் குறிப்பு கிடைக்கிறது. தோற்ற பிள்ளைக்கும் கிடைக்கிறது. குழந்தைக்குச் சொல்ல முடிந்ததை, பதினைந்து ஆண்டு உழைத்து வந்த இளைஞனுக்குச் சொல்ல முடியாது என்பதை நாம் எவ்வாறு ஏற்பது?

நாம் கேட்பது அதிகமன்று. தேர்வு அறையில் கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, ஏதேனும் ஒன்றைத் திருத்தி மறுபடி வாசிக்கச் சொல்லட்டும். மறுக்கப்பட்டவருக்கு, தாம் கேட்டது இன்னதென்று இரண்டு வரி எழுதட்டும். இடம் தருவது கல்லூரியின் விருப்பம். செவி தருவது விருப்பமன்று. அது கேட்க அமர்ந்தவரின் கடன். வாசித்தவன் தன் கடனைச் செலுத்திவிட்டான். கேட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அறியும் உரிமை, கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் அவனுக்கு உண்டு.