டிராப் டி சுருதியும் ஹார்மோனிக் ரிஃப்பும்

டிராப் டி சுருதியில் கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தி மட்டும் ஈ-யிலிருந்து ஒரு முழுச் சுரம் இறங்கி டி-யில் நிற்கிறது. அதன் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4 ஆகக் குறைகிறது. தடித்த தந்திகள் மூன்றும் இப்போது டி, ஏ, டி, அதாவது ச-ப-ச. ஒரே விரலைக் குறுக்கே வைத்து அழுத்தினால் பவர் கார்டு கிடைத்துவிடும். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் ‘கில்லிங் இன் த நேம்’ (1992) இந்தச் சுருதியில் அமைந்ததுதான்.

விரலை அழுத்தாமல் 12ஆம் ஃப்ரெட்டின் கம்பிக்கு நேர் மேலே தொட்டு, பிக்கால் மீட்டியதும் எடுத்தால், தந்தி இரு பகுதியாக அதிர்ந்து ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். இதுவே ஹார்மோனிக். 7ஆம் ஃப்ரெட்டில் மூன்று பகுதி, 5ஆம் ஃப்ரெட்டில் நான்கு. டிராப் டியில் மூன்று தந்திகளையும் இப்படிச் சேர்த்துத் தொட்டால் ஹார்மோனிக்குகளே ஒரு பவர் கார்டாகின்றன. வழக்கமான சுருதியில் இதே தொடுகை இப்படி ச-ப-ச தராது. இந்தச் சேர்க்கையின் பலம் இதில்தான் இருக்கிறது. பலரும் புகழும் ‘கனம்’ இதற்கு அடுத்தபடிதான். உள்ளங்கையால் அடக்கிய கீழ் டி-க்கும் 5ஆம் ஃப்ரெட்டின் கண்ணாடி ஒலிக்கும் இடையே இரண்டு ஸ்தாயி தூரம். கை அதை அரை நொடியில் கடந்துவிடுகிறது. மெஷின் ஹெட் குழு ‘டேவிடியன்’ (1994) பாடலில், இன்னும் தாழ்ந்த சுருதியில், இந்த முரணையே ரிஃப்பின் முகமாக்கியது.

பலவீனங்களும் இதே இடத்தில்தான் பிறக்கின்றன. சுருதி இறங்கும்போது தந்தியின் இழுவிசை ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. ஓங்கி அடித்தால் சுரம் சற்று மேலேறித் தடுமாறும். தடித்த தந்தி மாட்டுவது இதற்கு ஓரளவு தீர்வு. மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு தந்தியைத் தளர்த்தினால் மற்றவை சுருதி ஏறிவிடும்.

ஹார்மோனிக் மெல்லிய ஒலி. டிஸ்டார்ஷன்தான் அதை முன்னே கொண்டுவருகிறது. அதே டிஸ்டார்ஷன் அடக்காத தந்திகளின் இரைச்சலையும் தூக்கிக் காட்டும். கழுத்துப் பக்கப் பிக்கப் பல கிட்டார்களில் தந்தியின் கால் பங்கு நீளத்துக்கு அருகே இருக்கிறது. 5ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கின் அதிர்வு அங்கே அநேகமாக இல்லை என்பதால், பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பே பொருத்தம். 4ஆம் ஃப்ரெட்டின் அருகே தந்தி ஐந்து பகுதியாக அதிர, எழுவது அந்தர காந்தாரம். தம்புராவில் தானாகக் கேட்பதும் இதே ஐந்தாம் ஹார்மோனிக்தான். ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் எஃப் ஷார்ப்பைவிட அது 14 சென்ட் தாழ்வு. இரண்டையும் டிஸ்டார்ஷனில் சேர்த்தால் உரசும்.

பெரிய குறை வேறொன்று. இந்த ஹார்மோனிக்குகள் திறந்த தந்திகளைச் சார்ந்தவை. ஆகவே ரிஃப்கள் டி-யைச் சுற்றியே வருகின்றன. ஆதார சுருதியை மாற்றினால் கையமைப்பு குலைகிறது. பிக்குடன் பெருவிரலின் ஓரமும் தந்தியை உரசும் பிஞ்ச் ஹார்மோனிக் எந்த ஃப்ரெட்டிலும் எழும். ஆனால் பெருவிரல் தொடுவது பெரும்பாலும் ஒரே தந்தியை. மூன்று தந்தியின் ச-ப-ச அதில் கிடைப்பதில்லை.