தலைக்கணக்கும் வாக்கும்

தொகுதி எல்லை நிர்ணயம் வெறுங் கணக்கு. நில அளவையாளரும் புள்ளிவிபர அதிகாரிகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூறும் நண்பர்கள் நம்மிடையே உளர். பதுளையின் தேர்தல் வரலாற்றை ஒரு முறை புரட்டிப் பார்ப்பின் அவர்கள் அவ்வாறு கூறத் துணியார்.

சோல்பரி அரசியல் திட்டத்தின்படி 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என்பது விதி. பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. சிங்களக் கிராமமும் தேயிலைத் தோட்டமும் பக்கம் பக்கமாய்க் கிடக்கும் மண்ணுக்கு அது பொருத்தமான ஏற்பாடே. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களுள் பதுளையும் ஒன்று, எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். தலவாக்கலையில் வென்றவர் நமது எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்தத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1952இல் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. ஆயின் மலைநாட்டு ஆசனங்கள் குறைந்தனவா? இல்லை. 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்திலும் நாடற்றவர் உட்பட மொத்த ஜனத்தொகையே கணக்கிற் கொள்ளப்பட்டது. கொழுந்து பறிப்பவளின் தலையை எண்ணி மாகாணத்துக்கு ஆசனம் பெற்றனர். அவ்வாசனத்தில் அமர்பவரைத் தெரிய அவளுக்கு உரிமையில்லை. பதுளையின் இரட்டை அங்கத்துவமும் அத்துடன் மறைந்தது.

இதே மக்களைப் பற்றிப் பிரிவுக் கவுன்சில் 1953இல் கோடாகன்பிள்ளை வழக்கிற் கூறியதை இங்கு நோக்குதல் வேண்டும். இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அவர்கள் பிரஜைகளாவதற்குத் தகுதியுடையோரா என்பதைத் தீர்மானிப்பதில் கவனிக்கத்தக்கது என்றனர் நீதியரசர்கள். தீர்ப்பை ஆராய்வது இலக்கியப் பத்திரிகையின் வேலையா என்று எவரேனும் கேட்கக்கூடும். சொல்லின் பொருளை ஆராய்வது விமர்சகனின் தொழிலாயின், 'இடம்பெயர்வோர்' என்னும் அச்சொல்லையும் அவன் ஆராயத்தான் வேண்டும். வாக்குக் கேட்கையில் நாடோடிகள். ஆசனம் எண்ணுகையில் நிலையான குடிகள்! இருவேறு நாவுடைய இச்சொல்லை நமது மலையக இலக்கிய விமர்சனம் போதிய அளவு தீண்டவில்லை. அட்டைக் கடியையும் பனியையும் நாம் நிரம்பப் பாராட்டிவிட்டோம்.

பின்னர், மாவட்டம் முழுவதும் ஒரே களமாகும் விகிதாசார முறை வந்தது. 1989 முதல் பொதுத் தேர்தல்கள் அம்முறையிலேயே நடைபெறுகின்றன. பதுளை மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் தமிழர். பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை எனச் சிதறி வாழ்பவர். நுவரெலியாவிற்போல் அவர்கள் பெரும்பான்மையினரல்லர். ஆகவே கோடு எங்கே விழுகிறது என்பதே அவர்களுக்கு யாவும். மாவட்டம் ஒன்றாயிருந்தால் சிதறிய வாக்குகள் ஒன்று சேரும். சிறு தொகுதிகளாய் வெட்டினால் ஒவ்வொன்றிலும் சிறுபான்மையாகும். 2015இல் அம்மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் இருவர் தெரிவானது விகிதாசாரத்தின் விளைவு.

2017ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் பாதி ஆசனங்களைத் தொகுதிக்குத் திருப்பியது. விருப்பு வாக்குச் சண்டையும் பணச் செலவும் ஒழியும் என்ற வாதத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அதில் உண்மை உண்டு. எனினும் எல்லை நிர்ணயக் குழுவின் அறிக்கையை மலையக, முஸ்லிம் கட்சிகள் எதிர்த்ததற்கும் வலுவான காரணம் இருந்தது. 2018 ஆகஸ்ட் 24இல் பாராளுமன்றத்தில் அறிக்கைக்கு எதிராக 139 வாக்குகள்; ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். இந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ நம்மால் இயலவில்லை. கோட்டை நிராகரித்தவர்கள் வேறு கோடு வரையவில்லை. பழைய முறைக்கு மீளவுமில்லை. மாகாண சபைத் தேர்தல் ஆண்டுக்கணக்கில் நின்றது. சிறுபான்மையினரின் நியாயமான அச்சம், தேர்தலை விரும்பாதோருக்குக் குடையாயிற்று.

எதிர்ப்பின் குரல் கொழும்பிலேயே ஒலித்தது என்பதும் நம் குறை. கோடு வரைவோர் கிராம சேவகர் பிரிவை அலகாகக் கொள்வர். அப்பிரிவு எதுவரை, அதில் எத்தனை லயங்கள், எத்தனை வாக்காளர் என்று தோட்டந்தோறும் பட்டியலிட்டு வைப்பது பசறை ஆசிரியர் ஒருவருக்கும் அவர் மாணவர் நால்வருக்கும் இயலாத காரியமன்று. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. 1987 முதல் 2018இல் திருத்தப்படும் வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல். அச்சபைகளுக்கு வாக்களித்தவர்களுள் தோட்டத்து மக்களும் இருந்தனர்.