சித்திரக் கல்வியும் தனித்தன்மையும்

ஓவியம் கற்றுப் பெறும் கலையா, கருவிலேயே வாய்க்கும் திருவா என்னும் வினா மிகப் பழையது. மணிமேகலை, ஆடல் மகளிர் கற்றுத் தேர்ந்த கலைகளுள் ஓவிய நூற் பயிற்சியையும் வைத்து எண்ணுகின்றது. ஆகவே, ஓவியம் கற்கத்தக்கதே என்பது முன்னோர் கண்ட முடிபாகும். எனினும், அதனுட் கற்பிக்கத்தக்கது எது, கற்பிக்கலாகாதது எது என்பதை நாம் வரையறுத்துக்கொண்டோமில்லை. மேல்வகுப்புச் சித்திரக் கல்வியின் இடர்ப்பாடு இதனின்றே பிறக்கின்றது. வன்னிப் பெருநிலத்து மாணவரை மனத்திற்கொண்டு இதனை ஆராய்வாம்.

கற்பிக்கத்தக்கது நுட்பம். நீர்வர்ணத்தில் ஒளியைத் தருவது தாளின் வெண்மையே. ஆதலின், ஒளி விழும் இடத்தை முன்னரே விட்டுவைத்தல் வேண்டும். கோடைக் காற்றில் வர்ணம் விரைந்து உலரும். உலருமுன் அடுத்த நிறத்தைச் சேர்க்கக் கை பழகவேண்டும். அண்மை, சேய்மை, ஒளி, நிழல் ஆகியவற்றைக் கரித்துண்டு ஒன்றினாலேயே பயிலலாம். இவற்றைச் சொல்லிக்கொடாது, "உன் மனம்போல் வரை" என்று மாணவனை விட்டுவிடுதல் சுதந்திரம் ஆகாது. எழுத்தறியாதவனைக் காவியம் பாடச் சொல்வதை ஒக்கும்.

கற்பிக்கலாகாதது பார்வை. அதனை ஆசிரியர் கொடுக்க இயலாது, கெடுக்க இயலும். பரீட்சையை நோக்கி ஒரு திருவிழாக் காட்சியையும் ஒரு சந்தைக் காட்சியையும் மனனஞ் செய்வித்து, வினாவுக்கேற்பச் சிறிது மாற்றி எழுதச் செய்யும் வழக்கம் அக்கேட்டினையே விளைக்கின்றது. அவ்வாறு பயின்றவன் புள்ளி பெறுவான், கண்ணை இழப்பான்.

படியெடுத்தலை விடுத்து மாணவரின் கற்பனைக்கு இடந்தரும் முயற்சி இலங்கைக்குப் புதியதன்று. சித்திரப் பரிசோதகராயிருந்த வின்சர் அதனை வற்புறுத்தினார். அவர் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் அமைத்தார் எஸ். ஆர். கனகசபை. இலண்டனிற் பயின்ற டேவிட் பெயின்ரர், கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயச் சுவர்களில் கிறித்துவின் வரலாற்றை இலங்கை நிலக்காட்சியிடையே தீட்டினார். நுட்பம் இரவலாயினும் பார்வை இரவலாக வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் தக்க சான்று யாது?

1933இல் குருநகரிற் பிறந்த அ. மாற்கு, கொழும்பிற் பெயின்ரரிடம் கற்றவர். ஆயினும் ஆசிரியர் நடையை மேற்கொண்டாரல்லர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் பிறவிடங்களிலும் கற்பித்த அவரிடம் பயின்றவருள் ஒருவர் வாசுகி. பெண்களின் துயரையும் உரிமையையும் பொருளாக்கித் தமக்கெனத் தனிவழி கண்டவர் அவர். மாற்குவின் ஓவியங்கள் பல 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அழிந்தன. 2000இல் அவரும் மறைந்தார். அழியாது எஞ்சியது மாணவரிடம் அவர் பயிற்றிய பார்வையேயாம்.

வன்னிக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். 2009 வரை நிகழ்ந்த போரில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டோடு நிழற்படங்களையும் இழந்தன. பாட்டனின் முகமும் பழைய முற்றமும் மூத்தோர் சொல்லில் மட்டுமே வாழும் வீடுகள் அங்குள. அத்தகைய வீட்டு மாணவனுக்குச் சித்திரம் பொழுதுபோக்கன்று. கேட்டதைக் காணத்தக்கதாக்கும் கருவியாகும். ஆயினும், துயரையே வரையென்று அவனைப் பணித்தலும் மற்றொரு வகை மனனமேயாம். இரணைமடுக் குளத்து நீர்ப்பரப்பும், நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகி கோயிலின் பொங்கற் கூட்டமும் அவனுக்கு உரியனவே. எதனை வரைவது என்று தெரியும் உரிமை அவனுடையது.

பரீட்சை இருக்கும்வரை இஃது இயலாது என்பர் சிலர். அது பொருந்தாது. பாலை மரத்தையும் முதிரை மரத்தையும் அருகிருந்து நோக்கி, அவற்றின் வேறுபாட்டைக் கோட்டிலே காட்டப் பழகியவன், வினாத்தாளில் எம்மரம் வரினும் கலங்கான். மனனஞ் செய்தவனோ வினா மாறியவுடன் திகைப்பான்.

சுவர் இருந்தாற்றான் சித்திரம் என்பது பழமொழி. நுட்பம் அச்சுவர், அதனை உறுதியாக எழுப்பித் தருதல் ஆசிரியர் கடன். அதன்மேல் வரையுங் கை மாணவனுடையதாகவே இருத்தல் வேண்டும்.