பனிச்சறுக்கின் முதல் பிரேக்

பனிச்சறுக்கில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல, முதல் நாளே சொல்லித்தரும் பிரேக்தான். சறுக்குப் பலகைகளின் முனைகளை நெருக்கிக்கொண்டு, குதிகால்களை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். உள்விளிம்புகள் பனியைக் கரகரவென்று கீறும், வேகம் அடங்கும். குழந்தைகளிடம் ‘பிட்சாத் துண்டு மாதிரி வை’ என்கிறார்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அதற்கு முன் காலணியைப் பலகையில் மாட்டும் படலம் ஒன்று உண்டு. அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டாவிட்டால் பூட்டு விழாது. விரல் பக்கத்தை முதலில் நுழைத்து, குதிகாலால் ஓங்கி மிதித்தால் ‘டக்’.

சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். வம்பே அங்கேதான். எடை பின்னால் போனால் பலகையின் முன்பாதிக்குப் பிடிமானம் இராது. சொன்ன பேச்சு கேட்காது. எந்தப் பக்கம் பயமோ அந்தப் பக்கமே சாய வேண்டும், முன்னங்கால் எலும்பு காலணியின் நாக்கை அழுத்தும்படி. இடப்பக்கம் திரும்ப வலக்காலில் எடை; இதுவும் முதலில் நம்பும்படியாக இராது.

ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில் 1907இல் கற்பிக்கத் தொடங்கிய ஹான்னஸ் ஷ்னைடர், இந்தப் பிட்சாத் துண்டு நிலையிலிருந்து வேகமான திருப்பங்கள்வரை படிப்படியாகப் பாடத்தை அமைத்தார். 1938இல் நாஜிகள் அவரைச் சிறையிலடைத்தார்கள். மறு ஆண்டு அமெரிக்கா போய், நியூ ஹாம்ப்ஷயரில் அதையே சொல்லிக்கொடுத்தார்.

தேர்ந்தவர்களுக்கு இந்த பிரேக் சற்று இளக்காரம். ஆனால் நெரிசலான லிஃப்ட் வரிசைக்கு அவர்களும் முனைகளை நெருக்கிக்கொண்டுதான் வந்து சேருகிறார்கள்.