மனத்தின் இருட்டைப் படமெடுத்தவர்கள்

சிவகாசி அச்சகங்களில் சினிமா போஸ்டர் உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் ஏறும், சிவப்பு ஏறும், நீலம் ஏறும். அதுவரை நடிகரின் முகம் காலண்டர் படம்போலப் பளிச்சென்று இருக்கும். கடைசியில் கறுப்பு ஏறியதும் கண்ணுக்கடியில் குழி விழும். அதே முகம் நம்மை மிரட்டும். சின்ன வயதில் ஒரு கொலைப் படத்தின் போஸ்டரை அப்படிப் பார்த்து நடுங்கியவன் நான். மன இருட்டைச் சொன்ன தமிழ்ப் படங்களை அந்தக் கறுப்பை வைத்துத்தான் இன்றும் எடை போடுகிறேன்.

முன்னோடி எஸ்.பாலசந்தர். 1954-ல் ஏவி.எம்.முக்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’, குரோசாவாவின் ‘ராஷோமான்’ தந்த தூண்டுதலில் பிறந்தது. படம் தொடங்கியதும் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் செத்தவன் வேறு வேறு ஆளாக எழுந்து வருகிறான். உத்தி ஜப்பானுடையது, 1943-ல் குண்டு விழுந்த சென்னையும் அந்த வீட்டுக்குள்ளிருந்த பிணக்கும் நம்முடையவை. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. வீணையில் அவ்வளவு பெரிய வித்வானான பாலசந்தர் பாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தது எத்தனை பெரிய துணிச்சல்!

‘புதிய பறவை’ (1964) பாட்டை வைத்தே மன இருட்டைக் காட்டியது. பிரிட்டிஷ் படமொன்று வங்காளம் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த கதை அது. தாதா மிராசி இயக்கத்தில், நிம்மதி தேடித் தவிக்கும் சிவாஜியின் பாட்டுக் காட்சி, குற்றவாளியின் நெஞ்சைப் பிளந்து காட்டிவிடுகிறது. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் திரும்பப் பார்க்க வைக்கிறதா? இந்த வகைப் படத்துக்கு நான் வைக்கும் முதல் உரைகல் இதுதான். இரண்டு படங்களும் தேறிவிட்டன.

அடுத்து வந்தது, சின்ன வயதுக் காயத்தைக் கொலைக்குக் காரணமாகக் காட்டிய பள்ளி. கிராமத்துப் படம் மட்டும்தான் எடுக்கத் தெரியும் என்ற பேச்சுக்குப் பாரதிராஜா தந்த பதில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978). பிணங்களின் மேல் ரோஜா பூக்கும் அந்தத் தோட்டத்தை மறக்க முடியாது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை மனத்தில் வைத்து பாலு மகேந்திரா எடுத்த ‘மூடுபனி’ (1980) அதைவிட அடங்கிய குரலில் பேசியது. ஒளிப்பதிவும் அவரே. வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்தே பயத்தைக் கூட்டினார். இளையராஜாவுக்கு அது நூறாவது படம்.

ஆனால் இந்தப் பள்ளியோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கொல்பவனுக்குப் பால்யம் இருக்கிறது, அழுகை இருக்கிறது, நியாயம்கூட இருக்கிறது. கொல்லப்படும் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. ‘நடத்தை சரியில்லாதவள்’ என்ற ஒரே முத்திரையோடு அவள் மண்ணுக்குள் போகிறாள். அடிபட்ட குழந்தை வளர்ந்து கொலைகாரனாவான் என்ற கணக்கும் அங்கேதான் வேர்விட்டது. நாற்பது ஆண்டு கழித்து ‘ராட்சசன்’ (2018) வரை அதே கணக்குத்தான். மிஷ்கின் மட்டும் ‘சைக்கோ’வில் (2020) புத்தர் கதையில் வரும் கொலைகாரன் அங்குலிமாலனைத் துணைக்கழைத்து, கொலைகாரன் மீதும் கருணை சாத்தியமா என்று கேட்டார். கேள்வி பெரிது, ஆனால் அங்கேயும் தலை இழந்த பெண்களின் கதை சொல்லப்படவில்லை.

விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் ‘வெயில்’ (2006) திரில்லர் அல்ல. இருந்தும் இந்த வரிசையில் அதைச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கு மட்டம் போட்டுப் படம் பார்த்த சிறுவனை அப்பா உடையில்லாமல் கொளுத்தும் வெயிலில் நிறுத்துகிறார். ‘மூடுபனி’ நாயகனின் காயத்துக்கு எந்த விதத்திலும் குறையாத காயம். அந்த முருகேசன் வீட்டை விட்டு ஓடுகிறான், தியேட்டரில் வேலை பார்க்கிறான், தோற்றுத் திரும்புகிறான். கத்தியை மட்டும் எடுக்கவில்லை. நம் ஊர்களில் நான் பார்த்த மனிதர்கள் அவனைப் போன்றவர்கள்தாம்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்திலிருந்து அடுத்த திரில்லரை எழுதப் போகிற தம்பி, தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: ஹிட்ச்காக்கிடமும் குரோசாவாவிடமும் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத உட்காரும்போது முதல் பக்கத்தில் செத்துக் கிடக்கிறாளே, அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.