மங்கோலியத்துக்கும் சயாமுக்கும் நடுவே

உலக மொழிகளெல்லாம் தமிழின் பிள்ளைகள் என்று நிறுவுவது இப்போது மூன்று நிமிட வேலை. இரண்டு அகராதிகளைத் திறந்து, ஓசையில் கொஞ்சமும் பொருளில் கொஞ்சமும் ஒட்டுகிற இருபது சொற்களைப் பொறுக்கி, பின்னணி இசையோடு காணொளியாக விட்டால் போதும். கொரியமும் ஜப்பானியமும் இப்படி ஏற்கெனவே குடும்பத்தில் சேர்ந்துவிட்டன. மங்கோலியத்தையும் தாய்லாந்து மொழியையும் கூட விட்டுவைக்கவில்லை. (தாய் மொழி என்று எழுதினால் குழப்பம் வரும் என்பதால் மலேயாத் தமிழர் வழக்கில் சயாம் மொழி என்றே சொல்கிறேன்.) இரண்டும் தமிழின் பிள்ளைகள் என்றால் அவை உடன்பிறப்புகளாக இருக்க வேண்டும். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பார்ப்போம். 'அவன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.' மங்கோலியத்தில் இது 'தெர் இரேத் சூகாத் இத்சென்.' அவன், வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டான். சொல்லுக்குச் சொல் நம் வரிசை. இரண்டு வினையெச்சம், கடைசியில் ஒரு முற்று. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். நடுக்கால மங்கோலியத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடுகூட இருந்தது. இதே வாக்கியம் சயாமில் 'காவ் மா நங் கின்': அவன், வா, உட்கார், தின். உருபு இல்லை, எச்சம் இல்லை, கால இடைநிலை இல்லை. வினைக்குப் பிறகுதான் செயப்படுபொருள். பெயருக்குப் பின்னால்தான் அடைமொழி. நாலு நாய் என்பதை 'நாய் நாலு உடல்' என்று எண்ண வேண்டும். ஐந்து தொனிகள் உண்டு. தொனி மாறினால் சொல்லே வேறாகிவிடும். ஆசியாவில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு மொழிகளைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அப்படியானால் மங்கோலியமாவது நம் உறவா? இந்த ஆசை பழையது. எல்லிஸ் 1816இல் தென்னிந்திய மொழிகளைத் தனிக் குடும்பம் என்று காட்டியதையும், கால்டுவெல் 1856இல் அதற்கு ஒப்பிலக்கணம் எழுதியதையும் வாசகர் அறிவர். அந்த நூலில் நாம் வசதியாக மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. திராவிடத்தைப் பின்னிஷ், துருக்கியம், மங்கோலியம் முதலானவை அடங்கிய 'சித்திய'க் குடும்பத்தோடு இணைக்க கால்டுவெல் பக்கம் பக்கமாக முயன்றார். திராவிடக் குடும்பத்துக்குள் அவர் செய்தது நிலைத்தது. வெளியே செய்தது உதிர்ந்தது. அதன் பிறகும் ஆட்கள் ஓயவில்லை. ஹல்பர்ட் 1905இல் கொரியத்தைக் கொண்டுவந்தார். பர்ரோவும் டைலரும் உராலிய மொழிகளைத் துழாவினார்கள். மெங்கஸ் அல்தாயிக் பக்கம் போனார். ஓனோ சுசுமு ஜப்பானியத்தோடு வந்தபோது நாம் மாலை போட்டு வரவேற்றோம். இதில் ஒரு வேடிக்கை: துருக்கியம், மங்கோலியம், துங்குசியம் மூன்றும் ஒரே 'அல்தாயிக்' குடும்பம் என்பதையே இன்று பெரும்பாலான மொழியியலார் ஏற்பதில்லை. நாம் சம்பந்தம் பேசப் போன வீடே பாகம் பிரிந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த ஆசை வளர்ந்த பாதை பெரும்பாலும் தென்சென்னைப் புறநகர் வழியாகத்தான் ஓடுகிறது. பரிதிமாற் கலைஞரும் மறைமலையடிகளும் தமிழ் கற்பித்த கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அடிகள் அதற்கு வெகு முன்பே, 1911இல், வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறியிருந்தார். பாவாணரின் 'ஒப்பியன் மொழிநூல்' 1940இல் வந்தது. அவர் வழி வந்த பெருஞ்சித்திரனாரின் பெயரில் மேடவாக்கத்தில் தமிழ்க்களம் நிற்கிறது. பாவாணரின் காதுக்கு ஈடான காது தமிழில் இன்னொன்று இல்லை. ஒரு வேரிலிருந்து தமிழ்ச் சொற்கள் கிளைப்பதை அவர் காட்டும்போது அசந்து போகிறோம். ஆனால் திராவிட எல்லையைத் தாண்டியதும் அதே காது அவரைக் கைவிட்டது. உறவை நிறுவுவது ஒலியொப்புமை அல்ல, ஒழுங்கு. தமிழில் பகரத்தில் தொடங்கும் பால், பல், புலி, பத்து கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என்று வரிசையாக ஹகரம் ஆகின்றன. இப்படி நூற்றுக்கணக்கில் பிசகாமல் வர வேண்டும். இருபது சொற்கள் எந்த இரண்டு மொழிகளுக்கிடையிலும் கிடைக்கும். பாவாணரின் மேதைமை அவருடைய இன்றைய பிரதியாளர்களிடம் இல்லை. அவருடைய பிழை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

எனக்குப் பிடித்த காலம் இதற்குப் பிறகு வருவது. உறவு தேடும் கூட்டத்துக்கு நடுவே சிலர் வேறு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எமனோ 1956இல் இந்தியாவை ஒரு 'மொழிப் பரப்பு' என்றார். பல காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த மொழிகள், குடும்பம் வேறானாலும், ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடும். மாசிக்கா 1976இல் அந்தப் பரப்பின் எல்லைகளை ஆசிய வரைபடத்தில் வரைந்து பார்த்தார். வினையெச்சம், பிறவினை, துணைவினை, 'எனக்குப் பசிக்கிறது' போன்ற நான்காம் வேற்றுமைத் தொடர், வினை கடைசியில் வரும் வரிசை என ஒவ்வொரு கூறுக்கும் கோடு போட்டார். கோடுகள் பல இந்தியாவோடு நிற்காமல் நடு ஆசியா வழியாக மங்கோலியா, கொரியா, ஜப்பான் வரை போயின. கிழக்கே சயாம் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நின்றது. தமிழும் மங்கோலியமும் ஒத்திருப்பதன் பொருள் இவ்வளவுதான். இந்தியும் அதே கோட்டுக்குள் இருக்கிறது என்பதைக் காணொளிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

இந்த இடத்தில் பிராகா சார்லஸ் பல்கலைக்கழகத்தின் யாரோஸ்லாவ் வாட்செக்கைச் சொல்லியாக வேண்டும். தமிழையும் மங்கோலியத்தையும் மூலத்திலேயே படிக்கத் தெரிந்தவர். அப்படி எத்தனை பேரை நமக்குத் தெரியும்? 1970களின் இறுதி தொட்டு வினைவேர்களைத் தொகுதி தொகுதியாக எடுத்து இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று துள்ளாமல், மிகப் பழங்காலத்தில் ஏதோ நெருக்கமான தொடர்பு இருந்திருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. தொடர்பு என்றால் எங்கே, எப்போது, யாருக்கும் யாருக்கும் என்று கேட்டால் கையில் ஒரு பானையோடும் இல்லை. ஆனாலும் உழைப்பு உழைப்புதான். ச. வே. சுப்பிரமணியனோடு சேர்ந்து அவர் எழுதிய சங்க இலக்கிய வாசக நூலைத் தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1989இல் வெளியிட்டது. ஓனோவுக்குக் கிடைத்த மாலையில் ஒரு பூகூட இவருக்கு நாம் போடவில்லை.

இனி சயாம். இலக்கண ஒற்றுமை எதுவும் இல்லாத இந்த மொழி வழங்கும் நாட்டோடுதான் நமக்கு உண்மையான கொடுக்கல் வாங்கல் நடந்தது. சான்று கல்லில் இருக்கிறது. அந்நாட்டின் குவான் லுக் பாட் என்ற இடத்தில் தமிழ்ப் பிராமி பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. பூக்கௌ தோங்கில் கிடைத்த தமிழ்ப் பிராமி ஓட்டுச்சில்லை ஐராவதம் மகாதேவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்றார். தகுவாபாவின் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராம வணிகக் குழுவின் காவலில் வைக்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டம். சயாம் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்தது. எகரத்தையும் ஐகாரத்தையும் நம்மைப் போலவே மெய்க்கு இடப்பக்கம் எழுதுகிறார்கள். மகேந்திரவர்மன் தன் பட்டப் பெயர்களைப் பல்லவ எழுத்தில் வெட்டிவைத்த குடைவரை ஒன்று, இன்று தர்காவாக, பல்லாவரத்திலேயே இருக்கிறது.

பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் திரியம்பாவாய் விழாவில் ஓதுவது திருவெம்பாவையின் திரிந்த வடிவம். 1950களில் தனிநாயகம் அடிகள் இதைத் தமிழ் வாசகருக்குச் சொன்னார். லண்டனிலிருந்து ஜே. ஆர். மார் அந்தப் பிராமணர்களின் கிரந்தச் சுவடிகளைப் படித்து, தேவாரப் பாடல்களும் அவற்றில் இருப்பதைக் காட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்து எஸ். சிங்காரவேலு 1968இல் சியாம் சங்க இதழில் வடமொழி, தமிழ், சயாம், மலாய் இராமகதைகளை அருகருகே வைத்து ஆராய்ந்தார். எது எங்கிருந்து போனது, போன இடத்தில் என்னவாக மாறியது என்பதே அவர் கேள்வி. தமிழ்தான் தாய் என்று அவர் ஒரு வரியிலும் நெஞ்சை நிமிர்த்தவில்லை. அதனாலேயே மேடைகளில் அவர் பெயர் அடிபடுவதில்லை போலும். செம்மஞ்சேரியில் 1982இல் தொடங்கிய ஆசியவியல் நிறுவனம் இந்தத் திசையில் நடந்த நல்ல முயற்சி. ஜான் சாமுவேலும் ஷு ஹிகோசாகாவும் கண்ட கனவுக்குத் தமிழகப் பல்கலைக்கழகங்கள் தோள் கொடுத்திருக்கலாம்.

சயாம் மொழிக்கு இரத்த உறவு வேண்டுமென்றால் தாம்பரத்தில் நியூ தின்சுகியா ரயில் ஏறலாம். அந்தப் பாதையின் மறுமுனையைச் சுற்றி, மேல் அசாமிலும் அருணாசலத்திலும், காம்தி, பாக்கே மக்கள் பேசுவது சயாமின் சொந்தத் தங்கை மொழிகள். அந்த ரயிலில் இறங்கி நம் ஊரில் வேலைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்ட தமிழ்த் துறை எது?

உறவு தேடும் துறையாக இருந்தது போதும். இது தொடர்பு தேடும் துறையாக மாற வேண்டும். மங்கோலியத்தோடு நாம் எங்கும் சந்தித்ததற்குச் சான்று இல்லை, ஆனால் ஒத்திருக்கிறோம்; அது இலக்கண வகைமை ஆய்வாளரின் வேலை. சயாம் மொழியோடு இலக்கணத்தில் ஒத்திருக்கவில்லை, ஆனால் அந்த மண்ணோடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் தொடர்பு கொண்டிருக்கிறோம். அது தமிழாய்வின் வேலை. பெரும்பாக்கம் செம்மொழி நிறுவனமும் தரமணி நிறுவனமும் சயாம் மொழி படிக்கத் தெரிந்த தமிழாய்வாளர் இருவருக்காவது நிரந்தரப் பணியிடம் தர வேண்டும். அவர்களுக்கான முதல் வேலையாகப் பாங்காக் சுவடிகளைத் தமிழ் எழுத்தில் செம்பதிப்பாகக் கொண்டுவரச் சொல்லலாம்.