தேய்க்கத் தேய்க்கத் தேக்கு

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு நாற்காலிகள் கால் ஆடியபடி கிடக்கும். விறகென்று நாம் ஒதுக்குவதை ஆசாரி ஓரமாகச் சீவி, முகர்ந்து பார்த்து எடுத்துவைப்பார்.

பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டு, 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று தேய்க்க வேண்டும்; எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே விழுந்த கீறலைப் பாலிஷ் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியில் தொட்டு, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக ஏற்றுவார்கள். வெளிறிய பலகையில் ரேகைகள் தேன் நிறத்தில் எழுந்து வருவதைக் காணக் கண் கோடி வேண்டும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. கரையான் எளிதில் அண்டாது. ஆடும் மூட்டைப் பிரித்து, பழைய வஜ்ஜிரத்தைச் சுரண்டிப் புதிதாக ஒட்டினால் பேரப்பிள்ளைகளும் உட்காரலாம். தூக்கிப்போடும் முன் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள்.